முன்னூறு மூங்கில் விசில்

போன வாரம் பதுளை டவுனில் தேர் பார்க்கப் போய் என் மூக்குக்கண்ணாடி பறிபோகப் பார்த்தது. ஜோடித்த தேருக்கு முன்னால் ஒரு லொறி. அதன்மேல் நின்றவர்கள் டொபி, பிஸ்கட், சர்பத் பக்கெட் என்று சனங்களை நோக்கி அள்ளி எறிந்துகொண்டே வந்தார்கள். ஒரு பக்கெட் குறி தவறாமல் என் நெற்றியில் விழுந்து வெடித்தது. சிவப்புச் சர்பத். பக்கத்தில் நின்ற பெண், "ஐயோ, அம்மாவுக்கு மண்ட ஒடஞ்சிருச்சு!" என்று கத்தினாள். மண்டை உடைந்த அம்மாவோ நாக்கை நீட்டி நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள், ருசி நன்றாகத்தான் இருந்தது.

அந்த ரோஸ் எசன்ஸ் வாசம் மூக்கில் ஏறினால் எனக்குப் பொலித்தீன் ஞாபகம் வந்துவிடும். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொலித்தீன் வந்ததே எழுபதுகளின் கடைசியில்தான். அதற்கு முன் சீனி என்றால் தாளில் சுருட்டிய சீனிதான். முதன்முதலாகப் பண்டாரவளையிலிருந்து ஒரு பொலித்தீன் பை வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தபோது அம்மா அதைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, யாராவது வீட்டுக்கு வந்தால் எடுத்துக் காட்டினாள். நானும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போயிருக்கிறேன். பெரிய சீமாட்டி என்று நினைப்பு.

அந்தக் கையோடுதான் மரக்கறி லொறி முதலாளி ஒருவர் எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேருக்கு உபயம் செய்ய வந்தார். தேரிலிருந்து நூற்றுக்கணக்கில் சர்பத் பக்கெட்டுகளை எறிந்தார். உறிஞ்சினோம், எறிந்தோம், மறுபடி கை நீட்டினோம். சாயங்காலம் மழை கொட்டியதும் அத்தனை பொலித்தீனும் அடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஓடும் கானை அடைத்தது. தண்ணீர் எங்கள் கீழ் லயத்துக்குள் புகுந்தது. பக்கத்துக் காம்பரா ராக்குவின் கோழிக்கூடு மிதந்து போக, கோழி அதன்மேல் ஏறி நின்று ராணி மாதிரி பயணம் செய்தது. நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். தோட்டத்துத் துரை மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வருசம் தேர், ரோடு வளையும் ஃபெக்டரி முடக்கோடு திரும்பிவிட வேண்டும், கீழ் லயத்துக்கு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ராக்குவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரி, கொழுந்து எடுப்பாள். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்குப் போனதும் கைக்குழந்தை முதல் நாலு வயது வரை பதினோரு உருப்படிகளை மேய்க்க வேண்டும். அந்த அடுத்த வருசம், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் ராக்கு குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் வந்திருந்தது. தேர் முடிந்த பத்தாம் நாள் பயணம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கோ வேறு கவலை.

"பொறந்ததுலருந்து எங்க வாசல்ல நின்ன தேருடி. நாங்க போற வருசம் நிக்காமப் போனா எங்கப்பா செத்தே போவாரு," என்றாள்.

அவள் அப்பா அந்தக் காம்பராவிலேயே பிறந்தவர். இந்தியாவை அவர் கண்டதில்லை, நாங்களும் கண்டதில்லை.

கோயில் கூட்டத்தில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு தாளுகூட ரோட்டுல விழாம, தோட்டத்துலயே செஞ்ச சாமானா பிள்ளைகளுக்குக் குடுப்போம். மேல் ரோடு சுத்தமா இருந்தா கீழ எறங்க விடுவீங்களான்னு தொரைகிட்டக் கேளுங்க," என்றேன். கோயில் தலைவரான பெரிய கங்காணி போய்க் கேட்டார். துரையும் சரியென்றார். முடக்கில் தானே நின்று பார்ப்பாராம், ஒரு துண்டு கிடந்தாலும் தேர் திரும்பிவிட வேண்டுமாம்.

"என்னத்தடி செய்யப் போற?" என்றாள் ராக்கு.

"தெரியாது."

"தெரியாமலா சொன்ன?"

"சொல்லிட்டேன்ல? இனி யோசிப்போம்."

முதலில் பொரி உருண்டையை இலையில் கட்டிக் கொடுக்கலாமென்றோம். இலை குப்பையா இல்லையா என்று ஒரு கிழமை சண்டை நடந்தது. "தொரைக்கு எல்லாமே குப்பதான், நம்மளயும் சேத்து," என்று பெரிய கங்காணி தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் வாங்கிய பிள்ளை கீழே போடவே மனசு வராத சாமானாக இருக்க வேண்டும். ஒருநாள் ராக்கு ஓடையில் துணி துவைத்துக்கொண்டே ஒரு மூங்கில் துண்டை வாயில் வைத்து ஊதினாள். பிள்ளைக் காம்பராவின் பதினோரு உருப்படிகளும் அவள்மேல் பாய்ந்தன. பிடுங்கியவனின் வாயிலிருந்து அதைத் திரும்ப எடுக்க எனக்கு அரை நாள் ஆனது. கிடைத்துவிட்டதென்று நானும் ராக்குவும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

விரல் தடிமன் மூங்கிலை ஒரு பக்கம் கணு இருக்கும்படி வெட்டி, வாய்ப்பக்கம் ஒரு காடி போட்டு, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைப் பாதி சீவி அடைத்தால் விசில் தயார். பச்சை மூங்கில் சீவும் வாசம் இருக்கிறதே, மழை பெய்த புல்லும் கொஞ்சம் சீனியும் கலந்த வாசம், அதற்காகவே இன்னும் நூறு சீவலாம் போலிருக்கும். சீவினோம். விரலையும் சேர்த்துச் சீவினோம். முன்னூறு விசில் சேர்ந்தது.

எல்லாம் ஊதுகிறதா என்று பார்க்க வேண்டாமா? தேருக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு, என் பதினோரு பேர் கையிலும் ஆளுக்கொரு விசிலைக் கொடுத்து "ஊதுங்கடா" என்றேன். ஊதினார்கள் பாருங்கள், மலை கிடுகிடுத்தது. பெருமையில் பூரித்து நின்ற நான் ஒன்றை மறந்துபோனேன். கொழுந்து நிறுக்கக் கூப்பிடுவதற்குக் கணக்குப்பிள்ளை ஊதுவதும் விசில்தான். நிமிர்ந்து பார்த்தால் மலை முழுக்கப் பெண்கள் கூடையும் கையுமாக இறங்கி வருகிறார்கள். பாதிக் கூடைகூட நிறையவில்லை. "என்னாங்க, இன்னிக்கு வெள்ளனவே நிறுவையா?" என்று எல்லோருக்கும் ஒரே சந்தோசம்.

கணக்குப்பிள்ளையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெண்களை மறுபடி மலைக்கு விரட்டிவிட்டு, முன்னூறு விசிலையும் சாக்கில் அள்ளி, என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். வேலை போனால் போகட்டும், ராக்கு வாசலுக்குத் தேர் வராமல் போய்விடுமே என்றுதான் அழுகை வந்தது.

துரை சிங்களவர். தொழிலாளிகளோடு பேசிப் பழகிய தமிழ் அவருடையது, அதில் யாராக இருந்தாலும் 'நீ'தான். சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீ செஞ்சதா? இதுல சத்தம் வருமா?"

கணக்குப்பிள்ளை "வேணாங்க தொரை" என்று சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலருகே போய்க் கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார். அப்போதுதான் மூச்சு வாங்க மலையேறிப் போன பெண்கள் அத்தனை பேரும் திரும்பக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். துரை ஜன்னலைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், நானும் பயத்தை மறந்து சிரித்துவிட்டேன். கணக்குப்பிள்ளை மட்டும் வாசலுக்கு ஓடி, "போங்கடி மேல!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். தேர் நாள் காலை சாக்கு என் கைக்கு வந்தது.

தேரன்று முன்னூறு பிள்ளைகளும் ஊதிய ஊதலில் தப்பு அடிக்கிறவர்கள் கொஞ்ச தூரம் அடித்துப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார்கள். ஒரு விசில்கூடக் கீழே விழவில்லை. அழுத பிள்ளைகூட விசிலோடுதான் அழுதது. நான் சாக்குடன் பின்னால் போய்த் தேங்காய்ச் சில்லைக்கூட விடாமல் பொறுக்கினேன். மேல் ரோடு பளிச்சென்று கிடந்தது. முடக்கில் துரை மாலை வாங்க நின்றார். பூசாரி தீபம் காட்டினார். காட்டிவிட்டு, அந்தப் புண்ணியவான், கற்பூரம் சுற்றியிருந்த பளபளப்புத் தாளைக் கசக்கிக் கீழே போட்டார்!

துரைக்கு எட்டடி தூரத்தில் அது மின்னியது. நான் எகிறிக் குதித்து அதன்மேல் காலை வைத்தேன். அசையவில்லை. துரை ரோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். தேர் கீழே திரும்பியது, ஓய்ந்திருந்த தப்பும் மறுபடி தொடங்கியது. ராக்கு கூட்டத்துக்குள்ளிருந்து "வாடி, வாடி!" என்று துள்ளினாள். "நீ போ, இந்தா வர்றேன்!" என்றேன்.

எங்கே வருவது? துரை பெரிய கிளாக்கரோடு ஃபெக்டரிக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். கீழே தப்புச் சத்தம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், தேங்காய் உடையும், மறுபடி தொடங்கும். நின்ற இடத்திலேயே எண்ணினேன். ராக்குவுடையது ஏழாவது காம்பரா. ஏழாவதில் நின்ற தப்பு தொடங்கவேயில்லை. விசில்கள்கூட அடங்கிவிட்டன. தேருக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று காலை எடுக்காமலே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். வெகுநேரம் கழித்துத்தான் தேங்காய் உடைந்தது.

துரை ஜீப்பில் ஏறினார். ஏறியவர் என் பக்கம் திரும்பி, "கால் எடு. வலிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் தேயிலைக்குள் விழுந்து எழுந்து ஓடினேன். தேர் அடுத்த லயத்துக்குப் போயிருந்தது. ராக்கு வாசலில் நின்று, "எங்கடி போன, பாவி?" என்றாள். கற்பூரத் தாளைக் காட்டினேன். அவளுக்கு விளங்க ஒரு நிமிசம் ஆனது. பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியதென்று எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் பண்டாரவளை ஸ்டேசனில் கோச்சிக்குக் காத்திருந்தபோதுதான் அந்த ஏழாவது வாசலில் நடந்ததை அவள் சொன்னாள். அவள் அப்பா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்காமலேயே நின்றாராம். பூசாரி மூன்று தரம் கேட்டுவிட்டார், மனுசன் அசையவில்லையாம். கடைசியில் ராக்கு காதோடு கேட்டிருக்கிறாள்.

"ஒடச்சா தேரு போயிரும்ல, ஆயி," என்றாராம்.

இந்தியாவில் கோத்தகிரியிலிருந்து ராக்குவின் மூன்று கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. கீழ் லயத்தை இடித்து வருசங்களாகிறது, அந்த இடத்தில் இப்போது லீக்ஸ் பாத்தி. தேர் இன்றும் அந்த ரோட்டில் இறங்குகிறது. நிறுத்த வாசல் இல்லாததால் நேரே போய்விடுகிறது.