வலமிருந்து இடம்

பர்மாவில், கியாக்தானிலிருந்து யாங்கூன் போகும் பஸ்ஸில் ஜப்பான் காமிக்ஸ் ஒன்றைக் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கும் சண்டைக் காமெடி அது, கார்ட்டூனாகவும் வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர், மடியில் கருவாட்டுக் கூடையோடு, வழி முழுக்க எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எரிச்சல்.

சோதனைச் சாவடியில் ஏறிய சிப்பாய் என் கைபேசியை வாங்கினான். திறந்திருந்த பக்கத்தில் இரண்டே படங்கள். இடப்பக்கம், ஒரு குஸ்திக்காரன் காவல்காரனின் கையைப் பிடித்து இழுக்கிறான். வலப்பக்கம், காவல்காரன் குப்புறக் கிடக்கிறான்.

“காவல்காரனை அடிக்கிறது உனக்குச் சிரிப்பா? இறங்கு.”

அதை வலமிருந்து படிக்க வேண்டும். வழுக்கி விழுந்தவனைக் குஸ்திக்காரன் தூக்கிவிடுகிறான், அவ்வளவுதான். எனக்குத் தெரியும், ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கருவாட்டுக்காரர் சிப்பாயிடம் பர்மா மொழியில் சொன்னார்: “தம்பி, அதை வலப்பக்கமிருந்து படிக்கணும். எங்க குர்ஆன் மாதிரி.”

அதுவரை அவர் முஸ்லிம் என்று அந்த பஸ்ஸில் யாருக்கும் தெரியாது.

சிப்பாய் வலமிருந்து பார்த்தான். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு அவர் பக்கம் திரும்பினான். “உன் அடையாள அட்டையை எடு. கூடையைக் கொட்டு.”

அட்டையை முன்னும் பின்னும் வெகுநேரம் புரட்டிவிட்டு அவன் இறங்கியதும், நானும் குனிந்து கருவாடு பொறுக்கினேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. “மன்னிச்சுக்குங்க அண்ணே.”

அவரும் தமிழிலேயே சொன்னார்: “அது கெடக்கட்டும் புள்ளே. அந்தக் காவல்காரன் எந்திரிச்சானா? அடுத்த பக்கத்தைத் தள்ளு.”

இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது எட்டிப் பார்த்தால், கைபேசியை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறேன்.