மலை வீட்டில் ஒரு மீன் தலை

ஊனைசிக்கு ஐந்தாம் மாதம். மசக்கை என்றால் மற்றவர்களுக்குப் பச்சை மாங்காய், உப்புக்கல், சாம்பல் என்று கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது வரும். இவளுக்கு வந்தது தேங்காய்ப்பாலில் கொதித்த மீன் தலை. வினையே அதுதான்.

ஏனென்றால் ஊனைசி கடல்காரி. வாழ்க்கைப்பட்டதோ ஃபிஜியின் உள்மலையில், வூனிந்தாவாவில், மலைக்காரர் வீட்டில். அந்த ஊர் வழக்கப்படி, மலைக்காரர் முன்னால் கடல்காரர் மீனை வாயில் வைக்கக் கூடாது. மலைக்காரர் எதிரே உட்கார்ந்து வெளுத்துக்கட்டலாம், இவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீறினால் பிறந்த வீட்டார் தண்டம் கொண்டுவந்து இறக்க வேண்டும், ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். மற்ற வீடுகளில் இதை விருந்து நாட்களில் மட்டும் பார்ப்பார்கள். மாமியார் மகெரெத்தா மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பார்ப்பாள். டப்பா மீன்கூட அவள் கணக்கில் மீன்தான்.

தனியாகப் போய்த் தின்றுவிட்டு வர வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கே தனியாக விட்டார்கள்? பிள்ளைத்தாய்ச்சியைத் தனியே விடக் கூடாது என்பது அந்த வீட்டின் இன்னொரு சட்டம். ஆற்றுக்குப் போனால் துணைக்கு இரண்டு பேர். மரவள்ளித் தோட்டத்துக்குப் போனால் நாலு பேர். அத்தனை பேரும் மலைக்காரர்! பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமென்றால், வண்டிக் குலுக்கல் ஆகாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு டப்பா மீனை இடுப்பில் செருகிக்கொண்டு கழிப்பறைக்கே போனாள். அங்கேயும் நாத்தனார் சேய்னி கதவுக்கு வெளியே நின்று சர்ச்சுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உள்ள என்ன டொக்கு டொக்குனு சத்தம்? விழுந்துட்டீங்களா? கதவை உடைக்கவா?"

"ஒண்ணையும் உடைக்க வேணாம் தாயே! உன் பாட்டை நிறுத்து, அது போதும்!"

கத்திய வேகத்தில் டப்பா கைதவறிக் குழிக்குள் போய்விட்டது. ஊனைசி அங்கேயே நின்று அழுதாள்.

புருஷன் அபிசாயிடம் முறையிட்டாள். "அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பத்து நிமிஷம் எல்லாரும் வெளிய போனா போதும்."

"அம்மாகிட்டயா? நானா?"

"பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? உங்க பிள்ளைதானே உள்ள கிடந்து உதைக்குது!"

ரக்பி மைதானத்தில் ஆறடி ஆளை அலாக்காகத் தூக்கிப் போடுகிறவன், அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. மூன்று மாதமாக இதே கதை. ஊனைசிக்கு வீட்டில் யாரைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த லட்சணத்தில் ஒரு சனிக்கிழமை அவளுடைய அண்ணன் கடற்கரையிலிருந்து லாரியில் வந்து இறங்கினான். சம்பந்தி வீட்டுக்கு மரியாதையாக ஒரு கூடை மீன்! இறக்கி வைத்தான், தங்கை தலையைத் தடவினான், லாரி கிளம்புகிறதென்று ஓடிவிட்டான். மடையன், மடையன் என்று அவனை வைதுகொண்டே ஊனைசிதான் அத்தனையையும் கழுவினாள். தேங்காய் துருவிப் பாலெடுத்து, வெங்காயம் போட்டு, அவளேதான் கொதிக்க வைத்தாள். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்க முடியாது.

மத்தியானம் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஊனைசி தட்டில் சேப்பங்கிழங்கும் கீரையும். பெரிய தலை சேய்னிக்குப் போயிற்று. அவள் கன்னச் சதையைப் பிய்த்தாள், கண்ணைத் தோண்டி உறிஞ்சினாள், விரலைச் சப்பினாள்.

"அண்ணி, உங்க ஊரு மீனு ருசியே தனிதான் போங்க! பாவம், உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல."

அவ்வளவுதான். ஊனைசியின் கை நீண்டது. சேய்னி தட்டிலிருந்த தலையை அப்படியே அள்ளி வாயில் வைத்துவிட்டாள்.

அபிசாய் தரையைப் பார்த்தான். பிறகு சேய்னி கைதட்டிக் குதித்தாள். "தண்டம்! தண்டம்! ஒரு பன்னி, ரெண்டு பாய்! திங்கக்கிழமையே அவங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்புங்க!"

ஊனைசிக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை. தன்னால் அப்பா வீட்டுக்குத் தலைகுனிவு. போயும் போயும் ஒரு மீன் தலைக்காக!

"கத்தாதடி," என்றாள் மகெரெத்தா. "தின்னது யாரு?"

"அண்ணிதான். எல்லாரும் பார்த்தோமே!"

"எடுத்தது அவ கை. தின்னது யாருன்னு கேக்குறேன். வயித்துல இருக்கிறது யாரு பிள்ளை?"

"அண்ணன் பிள்ளை."

"உங்கண்ணன் யாரு, கடல்காரனா?"

"மலைக்காரன்."

"மலைக்காரப் பிள்ளை மீன் தின்னா என்னடி தப்பு? நீ இம்புட்டு நேரம் என்னத்தைத் தின்ன? அதுக்கு இப்போதைக்கு அவ வாய்தானே வாய்? தண்டமாம் தண்டம்! குழந்தை கேட்டதைப் பிடுங்கித் தின்னவளுக்குத்தான் போடணும் தண்டம்."

சேய்னி மறுபடி பாயில் உட்கார்ந்தாள். ஊனைசி விழுங்கினாள். கண்ணீர் கொட்டியது, சந்தோஷத்தில் அல்ல, ஆத்திரத்தில். மூன்று மாதம்! மாமியார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து பல்லைக் கடித்தபடி கேட்டாள்:

"ஏன் அத்தை, இப்படி ஒரு வழக்கம் இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நான் கழிப்பறையில எல்லாம் போய் நின்னேனே!"

மகெரெத்தா சட்டியிலிருந்து இன்னொரு தலையை எடுத்து மருமகள் தட்டில் வைத்தாள். சேய்னி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வழக்கம் எங்க இருக்கு? இப்பத்தான் தோணுச்சு. அவ யோசிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள தின்னு முடி."