மந்திரி திட்டவில்லை

இயந்திரத்தை நிறுத்தாமலேயே இசூஃபு பொரோ வெளியே வருவார். வலது கையை மட்டும் கம்பு மாவுக்குள் மணிக்கட்டு வரை அமுக்கி எடுத்து, விரல்களை அகல விரித்து, சூடான எதையோ ஏந்தி வருகிறவர்போல ஆலை வாசலில் வந்து நிற்பார். தெருமுனையில் தப்சோபாவின் மொபெட் இருமிக்கொண்டு வரும். ஆலைக்கு எதிரே இருக்கும் மேட்டில் அதற்கு மூச்சு வாங்கும். பொரோ எட்டிப்போட்டு நடந்து, பளீரென்று முதுகில் ஒன்று வைப்பார். கறுப்புக் கோட்டின் நடுவில் ஐந்து விரலும் உள்ளங்கையும் வெள்ளையாக விழும்.

"போடா, கழுதைக்காரா! எஜமான் முத்திரை குத்தியிருக்கேன். வழியில எவனாவது உன்னைப் புடிச்சுக் கட்டிக்கிட்டா, இதைப் பாத்துத் திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவான்."

"எங்க பாட்டன் உங்க பாட்டனை வாங்கும்போதே பல்லைப் பாத்து வாங்கியிருக்கணும்டா, நாய்த்தலை தின்னி!"

மாவு வாங்க நிற்கும் பெண்கள் மாவுப் பாத்திரத்தைத் தலையில் வைத்தபடியே சிரிப்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர், ஆசிரியர் சங்கத் தலைவர் தப்சோபா, முதுகில் ஒரு வெள்ளைக் கையைச் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போவார். தார்ச்சாலை வழியாகப் போனால் பள்ளிக்கூடம் பக்கம். அவர் அந்த வழியில் போனதே கிடையாது.

பொரோ சாமோ இனம், தப்சோபா மோசி. இரண்டு இனத்துக்கும் பிறப்பிலேயே கேலிச் சொந்தம். அந்தச் சொந்தத்தையும் சொந்தக்காரரையும் ராக்கியா என்பார்கள். யார் யாருக்கு அடிமை என்ற வழக்கு பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நடக்கிறது. தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்பதில் இரண்டு தரப்பும் கவனமாக இருக்கிறார்கள். ராக்கியா திட்டினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராக்கியா என்ற பெயரைச் சொல்லி ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. லார்லே பேட்டையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பொரோவின் ஒரே மகன் ஹருனா படையில் சேர ஆசைப்பட்டபோது பொரோ ஒரே பிடியாக மறுத்தார். ஆலையை யார் பார்ப்பது? பையன் தப்சோபாவிடம் போய் நின்றான். தப்சோபா அன்று மாலையே வந்தார். திட்டவில்லை, உட்காரவும் இல்லை. "ராக்கியா கேக்கிறேன். அவனை விடு" என்றார். பொரோ கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, "பாவிப்பய அடிமை, கழுத்துல கத்தியை வெச்சுட்டியே" என்றார். ஹருனா போனான். பின்னாளில் ஜனாதிபதி மாளிகைக் காவலில் நின்றான். விடுமுறை நாளில் வந்தால் சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூட்டை தூக்குவான்.

ஒரு காலை மாளிகைப் பக்கத்திலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. வானொலியில் செய்திக்குப் பதிலாக அணிவகுப்பு இசை ஓடியது. மத்தியானம் ஒரு கர்னல் பேசினார். ஊழல் ஆட்சி முடிந்தது. நாட்டைக் காக்கப் படை பொறுப்பேற்றுக்கொண்டது. ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தவில்லை. பெரிய சாலையில் இளைஞர்கள் மொபெட்டில் நின்றுகொண்டே ஆடினார்கள். பொரோ வாசலுக்கு வந்து, கர்னலின் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஹருனாவின் போனில் ஒரு பெண்ணின் குரல், இணைப்பு கிடைக்கவில்லை என்றது. பொரோ அவளைத் திட்டினார். மறுபடி போட்டார். மறுபடி அவளே வந்தாள்.

முகாம் வாசலுக்குப் போனார். மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற சிப்பாய்க்கு ஹருனா வயதுதான் இருக்கும். "காவல்படைக்காரங்க விவரம் எங்ககிட்ட இல்ல, பெரியவரே. அரசு அமையட்டும். அப்புறம் வாங்க" என்றான். மருத்துவமனையில் வெள்ளைக்கோட்டுப் பெண்ணும் அதையே சொன்னாள். அரசு அமையட்டும்.

அரசு அமைவதாகக் காணோம். பெரிய மண்டபத்தில் படைக்காரர்கள், கட்சிக்காரர்கள், பிஷப்புகள், இமாம்கள், பட்டத்துத் தலைவர்கள், சங்கக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. அண்டை நாட்டு ஜனாதிபதிகள் எல்லையை மூடிவிட்டார்கள். சீருடை இல்லாத, நாலு பேர் மதிக்கிற முகங்கள் அரசில் இருக்க வேண்டும், ஆட்சியைப் பிடித்தபோது படை யாரையும் கொன்றிருக்கக் கூடாது. அப்போதுதான் திறப்போம் என்றார்கள். எண்ணெய் விலை ஏறியது. தப்சோபாவும் அந்த மண்டபத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். படையின் கார் வந்து ஏற்றிப்போகும். அது தார்ச்சாலை வழியாகப் போகும்.

ஒரு சாயங்காலம் தொலைக்காட்சியில் இடைக்கால அமைச்சரவைப் பட்டியலை வாசித்தார்கள். கல்வி அமைச்சர் தப்சோபா என்று வாசித்ததும், கருவாட்டுக் கடைக்காரி அலிமத்தா தெருவிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"பொரோ அண்ணே! உன் அடிமை மந்திரியாயிட்டான்!"

"வேற யாரும் கெடைக்கலையாமா? கழுதை மேய்ச்சவன் கையில நாட்டைக் குடுத்திருக்கானுங்க."

"அப்போ நீ யாரு இனிமே?"

"மந்திரிக்கு எஜமான்டி. மரியாதையா வரிசையில நில்லு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அலிமத்தா குரலைத் தாழ்த்தினாள். "போய்க் கேளுண்ணே. ராக்கியா கேட்டா அவரால மறுக்க முடியாது. கர்னலே இவர் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். ஒரு வார்த்தை கேட்டா போதும்."

பொரோ அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் அந்தப் பெயர் வந்த நொடியிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை.

கையை நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, பெருநாள் அங்கியைப் போட்டுக்கொண்டு அமைச்சகத்துக்குப் போனார். வாசல் காவலர் பெயரைக் கேட்டார். பொரோ என்றதும் காவலர் முகம் மலர்ந்தது, அவர் மோசி.

"நாய்த்தலை தின்னிக்கு இங்க என்ன வேலை? கேன்டீன்ல நாய் சமைக்கிறதில்லையே."

"உங்க மந்திரி எங்க வீட்டிலிருந்து கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிவந்துட்டான். புடிச்சிட்டுப் போக வந்திருக்கேன்."

காவலர் விழுந்து விழுந்து சிரித்து, தானே கூட்டிக்கொண்டுபோய் மாடியில் விட்டார். பொரோவுக்கு நெஞ்சு லேசானது. உலகம் அப்படியேதான் இருக்கிறது.

அறையில் தப்சோபா தனியாக இருந்தார். இளைத்திருந்தார். பொரோவைக் கண்டதும் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க. உக்காருங்க."

"என்னடா இது, அடிமைக்கு இவ்வளவு பெரிய நாற்காலி? கால் தரையில எட்டுதா?"

தப்சோபா சிரிக்கவில்லை. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

பொரோ இன்னொன்று சொல்லிப் பார்த்தார், கழுதைக்குக் கோட்டு போட்டால் என்ன ஆகும் என்று. அதுவும் கீழே விழுந்து உருண்டது. எடுக்க ஆளில்லை. பிறகு பொரோ எழுந்து நின்றார். இது நின்றுகொண்டு கேட்க வேண்டியது.

"ராக்கியா கேக்கிறேன். என் பையன் எங்க இருக்கான்? ஜெயில்ல இருந்தா ஜெயில்ல இருக்கட்டும். அடிச்சிருந்தா அடிச்சிட்டுப் போகட்டும். எங்கன்னு மட்டும் சொல்லு. நீ கேட்டே, நான் அவனைக் குடுத்தேன். இப்ப நான் கேக்கிறேன்."

தப்சோபா சன்னலைப் பார்த்தார். வெளியே கொடிக்கம்பத்தில் கயிறு தட்டிக்கொண்டிருந்தது.

"விசாரிக்கச் சொல்லியிருக்கேன் ஐயா. கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஆக வேண்டியதைப் பார்ப்பாங்க."

"ஐயாவா?"

"என் காரை அனுப்பறேன். வெயில்ல நடக்க வேணாம்."

பொரோ காரை மறுத்துவிட்டு நடந்தே வந்தார். வாசல் காவலர் பின்னாலிருந்து ஏதோ கேலியாகக் கத்தியது அவர் காதில் விழவில்லை.

வீட்டில் அவர் மனைவி மைமூனா களி கிண்டிக்கொண்டிருந்தாள். "மந்திரியாயிட்டான்" என்றார் பொரோ. "நாற்காலி ஏறினதும் ராக்கியா மறந்துபோச்சு. வாங்க, போங்க, ஐயாங்கிறான். பிச்சைக்காரனைத் துரத்துற மாதிரி மரியாதையாத் துரத்திட்டான்."

"உங்களை ஒண்ணுமே திட்டலையா?"

"இல்ல."

"ஒரு வார்த்தைகூட?"

"அதான் சொல்றேனே!"

மைமூனா துடுப்பை வெளியே எடுத்து வைத்தாள். களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஹருனாவின் எண்ணுக்கு அவள் போன் போடச் சொல்லவே இல்லை. ஏன் என்று பொரோ கேட்கவில்லை. அவருக்குக் கோபம் போதுமானதாக இருந்தது. ஆலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தப்சோபாவின் தலைக்கனத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. அந்தக் கோபம் இருந்தவரை அவர் மகன் எங்கோ ஒரு முகாமில், ஒரு சுவருக்குப் பின்னால், உயிரோடு இருந்தான்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் எல்லை திறந்தது. அண்டை நாட்டு ஜனாதிபதிகள் வந்து இடைக்கால அரசோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த சில நாளில் படையின் வண்டி ஒன்று லார்லேயின் சேற்றில் சிக்கிச் சிக்கி வந்து நின்றது. பணியின்போது விபத்து என்றார்கள். மூடிய பெட்டிக்குள் ஹருனா இருந்தான்.

வெடிச்சத்தம் கேட்ட காலையில் மாளிகைக் காவலில் நின்றவர்களில் வீடு திரும்பிய உடல் அது ஒன்றுதான். மற்ற பையன்களின் தாய்மார்கள் நகரத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தார்கள். ஒருத்தி பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "உனக்காவது புதைக்கக் கெடச்சுதே, அக்கா" என்று மைமூனாவிடம் சொன்னாள்.

சாவு வீட்டில் ராக்கியாக்கள் வந்து கலாட்டா செய்ய வேண்டும், பிணத்தை மறித்துக் காசு கேட்க வேண்டும். அழுகிறவர்களைச் சிரிக்கவைக்காமல் பிணம் எடுக்கக் கூடாது. தெருவின் மோசிப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் ஹருனாவின் தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டு சல்யூட் அடித்தான். பாதியில் தொப்பியைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டான். எல்லாரும் தெருமுனையைப் பார்த்தார்கள். முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவர் கடைசியாகக் காரில் வந்தார். கறுப்பு உடையில் தலை குனிந்து நின்று, அரசின் சார்பில் ஆழ்ந்த அனுதாபம் என்றார்.

பொரோ அவர் நீட்டிய கையைப் பார்த்தார். "ரொம்ப நன்றிங்க, மந்திரி ஐயா" என்றார்.

இடைக்கால அரசு இரண்டாம் மழை காணவில்லை. வேறொரு கர்னல் வந்தார். அவரும் ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. தப்சோபாவுக்குப் பதவி போயிற்று, பள்ளிக்கூடமும் திரும்பக் கிடைக்கவில்லை. மொபெட் யாரிடமோ போய்விட்டது. தார்ச்சாலையை விட்டு, ஆலைத் தெரு வழியாக நடந்து வந்தார். மேட்டில் நின்றார். பொரோ வாசலில் இருந்தார்.

"என்னடா நாய்த்தலை தின்னி, இன்னும் சாகலையா?" என்றார் தப்சோபா.

"வாங்க ஐயா" என்றார் பொரோ. "வெயில்ல வர்றீங்களே. தண்ணி குடிக்கிறீங்களா?"

தப்சோபா தண்ணீரை வாங்கிக் குடித்தார். மறுநாளும் வந்தார், திட்டினார். மறுநாளும் பொரோ மரியாதையாகவே பேசினார். திட்டுவதற்காக ஒரு மனிதர் நாள்தோறும் வருவதும், நாள்தோறும் வணக்கம் வாங்கிக்கொண்டு போவதும் பார்க்கச் சகிக்கவில்லை என்று அலிமத்தா தன் கடையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அறுவடைக்கு முன்பு பொரோ காய்ச்சலில் இறந்தார். தொழுகை முடிந்து பாடையைத் தூக்கிக்கொண்டு தெரு திரும்பும்போது, தப்சோபா புழுதியில் குறுக்கே படுத்துக்கிடந்தார். அந்த வயதில், வேட்டி மாதிரி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு.

"என் அடிமையை எங்கடா தூக்கிட்டுப் போறீங்க? வேலை பாக்கி கெடக்கு! எந்திரிடா சோம்பேறி! காசு வைக்காம விடமாட்டேன்!"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் காசும் வைக்கவில்லை. இளைஞர்கள் சிலர் அவரைத் தாண்டிப் போய்விடலாம் என்றுகூடப் பார்த்தார்கள். பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து மைமூனா வந்தாள். இடுப்புத்துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு நாணயத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "எந்திரிங்க. அவர் போகட்டும்" என்றாள். அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

இதெல்லாம் முடிந்து நாளான பிறகு, பிணவறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் லார்லேயில் குடியேறினார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. பட்டியல் வாசிக்கப்பட்டதற்கு முந்தின நாள் வரை தப்சோபா பதவி வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முந்தின நாளில் கர்னலின் ஆட்கள் அவரை அந்தப் பிணவறைக்குக் கூட்டி வந்தார்கள். மாளிகைக் காவல் சீருடையில் கிடத்தியிருந்தவர்களில் ஒருவனுடைய முகத்தை அவர் தொட்டார். எல்லாரையும் அன்றே ஒரே குழியில் போட ஏற்பாடாகியிருந்தது. பதவி ஏற்றால் அந்த ஒருவனை மட்டும் எல்லை திறக்கும்வரை குளிரறையில் வைத்திருக்கிறோம், அதுவரை அவன் வீட்டாருக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது என்றார்கள். தப்சோபா அங்கே நின்றபடியே சம்மதித்தார்.