கமாக்காரர் அடித்த இரண்டு புகார்கள்

கோர்ட்டுக்கு எதிரே தகரக் கொட்டகையில் டைப் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் கமாக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் ஒரு கமா இடம் மாறிவிட்டால் முழுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்கிற ஆள். பார்ப்பதற்கு அப்படித் தெரியாது. கழுத்து எருமைக் கழுத்து, முஷ்டி ஒவ்வொன்றும் ஒரு செங்கல்.

அந்த முஷ்டியால்தான் இருபத்திரண்டு வயதில் ஒருத்தன் தாடையை உடைத்தார். மரவாடியில் சுமை தூக்கிய காலம். கூட வேலை பார்த்தவன் இவர் தங்கச்சியைப் பற்றி ஏதோ சொன்னான். இவர் பதில் பேசவில்லை. நாலு பல் மரத்தூளில் விழுந்தது. விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி மறுபடியும் அடித்தார், அவனுக்கு ஒரு கண் போனது. அப்போதும் இவர் வாயைத் திறக்கவில்லை.

அடித்ததை அவர் ஒருநாளும் இல்லை என்றதில்லை. ஆனால் இங்கிலீஷில் அடித்த புகாரில், கொட்டேஷன் குறிக்குள், அவர் சொன்னதாக ஒரு வரி இருந்தது. "இன்றைக்கு உன்னைப் பிணமாக்காமல் விடமாட்டேன்." கொல்லத்தான் வந்தான் என்பதற்கு அந்த வரியே சாட்சியாகிவிட்டது. ரெண்டு வருஷத்தில் முடிய வேண்டியது ஏழு வருஷம் ஆனது. தான் அப்படி என்னதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்துகொள்ள, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன் ஜெயிலில் அகராதியைப் புரட்டி இங்கிலீஷ் படித்தார்.

"நானே சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு அழகா சொல்லியிருக்க மாட்டேன்" என்பார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

வெளியே வந்து மிஷின் போட்டபோது அவருக்கு இருந்தது ஒரே சட்டம். வாயால் வந்தது குறிக்குள், மற்றதெல்லாம் வெளியே. "அவன் வாயால சொன்னதா, நீங்களா நினைச்சுக்கிட்டதா?" என்று கேட்காமல் எழுத்துக்கட்டையில் விரல் வைக்கமாட்டார்.

பக்கத்து மேஜையில் டைப் அடித்தவருக்குத் தொப்பை என்று பேர், அவருக்கு அந்தத் தலைவலி இல்லை. அடிதடி, நிலத்தகராறு, புருஷன் பெண்டாட்டி சண்டை எதுவானாலும் "பயங்கர விளைவுகளைச் சந்திக்க நேரிடும் என்று மிரட்டினான்" என்று ஒரே வரியைத் தட்டிவிடுவார்.

"யோவ் கமா, புகார் அடிக்கிறியா, பிரசவம் பாக்குறியா?"

"உன் புகார்ல எல்லா ரவுடியும் ஒரே மாதிரி பேசுறான். ஒரே ஸ்கூல்ல படிச்சானுங்களா?"

ஒரு காலையில் இஸ்திரிக்கடைக்காரம்மா வந்தாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டியின் முனை அப்படியே பதிந்து தோல் உரிந்திருந்தது. புருஷன் செத்தபிறகு கடையை அவள் நடத்துகிறாள். கடை தனக்குத்தான் என்று கொழுந்தன் நிற்கிறான். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள், இவனோ அண்ணன் போனதும் அண்ணியையே அடிக்க வந்துவிட்டான். கையைப் பிடித்துப் பலகையில் அமுக்கிப் பெட்டியை வைத்திருக்கிறான்.

"வைக்கும்போது என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். "அடுத்த தடவை முகத்துல தேய்ப்பேன், அண்ணி. சுருக்கமே இல்லாம ஆக்கிடுறேன்."

கமாக்காரர் அந்த ரெண்டு வரியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். தேய்ப்பேன் என்பதற்கு இங்கிலீஷில் 'ப்ரெஸ்' என்று போட்டால் முகத்தை அமுக்குவான் என்று ஆகிவிடும். 'அயர்ன்' என்று போட்டார். அண்ணிக்கு இங்கிலீஷில் கூப்பிடுகிற சொல் இல்லை. அதை அப்படியே வைத்து முன்னால் ஒரு கமா போட்டார். சூடு வைக்கும்போதும் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான் என்பது படிக்கிறவனுக்கு உறைக்கவேண்டும். அவள் அன்றைக்கே புகாரைக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கொழுந்தன் இரும்புக் கம்பியோடு வந்தான். ஒரு கேள்வி கிடையாது. முதல் அடியில் மிஷின் பிளந்தது. ரெண்டாவது அடி மேஜைமேல் இருந்த இடது கையில் விழுந்தது. விரல் எலும்பு நொறுங்கிய சத்தம் தொப்பைக்குக் கேட்டது. மூன்றாவதில் காது கிழிந்து சட்டைக் காலர் நனைந்தது. நாலாவதுக்குக் கம்பியை ஓங்கியபோது கமாக்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். அது முறிந்த பிறகும் விடவில்லை. முகத்தில் குத்தினார். நாலு பேர் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

செய்தி கேட்டு இஸ்திரிக்கடைக்காரம்மா ஓடி வந்தபோது கமாக்காரர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தொப்பையின் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தன் புகாரை ஒற்றைக் கையால் தானே அடித்துக்கொண்டிருந்தார். காதிலிருந்து சொட்டியது காகிதத்தில் விழாதபடி தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"கொன்னுடுவேன்னு சொன்னான்னு போடுய்யா" என்றார் தொப்பை. "ஜாமீனே கிடைக்காது."

"சொல்லலையே."

"அண்ணே, போடுங்க" என்றாள் அவள். "அவன் வெளியே வந்தா என் முகம் முகமா இருக்காது."

கமாக்காரருக்கும் கை பரபரத்தது. ஒரே ஒரு வரி. தனக்கு ஏழு வருஷம் வாங்கிக் கொடுத்த மாதிரி ஒரு வரி.

"உங்க பேப்பரும் நான் அடிச்சதும்மா. இதுல ஒரு பொய்யைப் புடிச்சான்னா அவன் வக்கீல் அதையும் சேர்த்துக் கிழிச்சிடுவான்."

"உங்க கையை உடைச்சவனுக்கு நியாயம் பாக்குறீங்க."

அவர் மிஷின் பக்கம் திரும்பி மீதியை அடித்தார். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று முறை அடித்தான். நான் அவன் கையை முறித்தேன், முகத்திலும் குத்தினேன். புள்ளி.

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சொல்வாங்க, நீ உன்னையே கெடுத்துக்கிட்ட" என்றார் தொப்பை.

கொழுந்தன் பத்தே நாளில் ஜாமீனில் வந்தான். விசாரணை வரைக்கும் அவள் கடையைப் பூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டில் கிடந்தாள். கமாக்காரரோடு பேச்சில்லை.

விசாரணையில் அவன் வக்கீல் எழுந்தார். முகத்தில் தேய்ப்பேன், சுருக்கம் எடுப்பேன் என்பதெல்லாம் டைப் அடிக்கிறவன் ஜோடித்த வசனம், என் கட்சிக்காரர் வாயே திறக்கவில்லை என்றார். நீதிபதி ரெண்டு புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஜோடிக்கிற ஆள் தன்னோட புகார்ல ஏன் ஜோடிக்கலை?" என்று வக்கீலைக் கேட்டார். பிறகு கூண்டில் நின்றவனைப் பார்த்து, "அவரை அடிக்கும்போது நீ ஒண்ணுமே பேசலையாமே?" என்றார்.

"அவன்கிட்ட எனக்கென்னங்க பேச்சு?" என்றான் கொழுந்தன். "பேச வேண்டியதை எங்க அண்ணிகிட்ட பேசிட்டேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அவனுக்கு நாலு வருஷம். தற்காப்பு மணிக்கட்டோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகும் குத்தியதற்கு என்று கமாக்காரருக்கு ஒரு மாசம். அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டது, மறுக்கவா முடியும்? வெளியே வந்த அன்றைக்கு ஜெயில் வாசலில் இஸ்திரிக்கடைக்காரம்மா நின்றிருந்தாள்.

"கடையைத் திறந்துட்டேன். சட்டையைக் கழட்டிக் கொடுங்க, அண்ணே. இந்தக் கசங்கலோட வீட்டுக்குப் போகாதீங்க."