கடல்பக்கச் சுவரில் இரண்டு ஓட்டைகள்

வங்காலையில் மில்ரனின் வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்கு இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். கடற்கரைப் பாதையால் வந்தால், சாம்பல் நிறச் சுவர் ஒன்றில் இரண்டு சதுர ஓட்டைகள் தெரியும். கம்பிவலை அடித்து, மழைக்குத் தகரம் சாய்த்திருக்கும். அதுதான் வீடு.

எங்கள் ஊரில் கடலைப் பார்த்த சுவரில் யாரும் ஓட்டை விடுவதில்லை. கடலிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கினால் உப்பும் மணலும் மயிரிழை இடுக்கு இருந்தாலும் உள்ளே வந்துவிடும். கதவுப் பிணைச்சல், தையல் மெசின், தேத்தண்ணிக் கேத்தல், எல்லாவற்றிலும் கறள் பிடிக்கும். அதனால் காற்று திரும்புவதற்கு முன்பே வீடு வீடாகச் சீமெந்து குழைத்து இடுக்குகளை அடைப்பார்கள். மில்ரனும் அப்படி அடைத்தவர்தான். அவருடைய பிழை அங்கேதான் தொடங்கியது.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளம் ஏறினால் சத்தி எடுக்கிற பிள்ளை அவர். தகப்பன் இரண்டு முறை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுக் கரையிலேயே விட்டுவிட்டார். கரையில் ஒலிபெருக்கி இருந்தது. திருவிழாவுக்குத் தென்னையில் ஏறிக் குழாய் கட்டுவதில் ஆரம்பித்து, பிறகு சொந்தமாக வாடகைக்கு விட்டு, கடைசியில் வலை வைக்கிற அறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றினார். கோயில் பாடகர் குழுக்கள் வந்தன. மன்னாரிலிருந்தும் முருங்கனிலிருந்தும் கலியாண வீடியோக்காரர்கள் வந்தார்கள்.

அறை ஒடுக்கமானது. ஸ்பீக்கர்களை மேசையில் வைத்தால் மேசையும் சேர்ந்து பாடியது. பெரிய ஸ்ரூடியோக்களில் ஸ்பீக்கரைச் சுவருக்குள் இறக்கி, முகம் மட்டும் சுவரோடு சமமாக நிற்கும்படி வைப்பதைப் படங்களில் பார்த்திருந்தார். தானும் அப்படிச் செய்ய நினைத்தார். அவர் வாங்கியவை பின்பக்கம் காற்று வாய் உள்ள ஸ்பீக்கர்கள். கொழும்புக் கடைக்காரர் போனில் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார்: "அண்ணே, இது முதுகால மூச்சு விடுற சாமான். சுவருக்குள்ள வைக்கிறதெண்டால் பின்னுக்கு நல்ல வெளி விடுங்கோ."

அறைக்குள், கடல்பக்கச் சுவருக்கு முன்னால், ஸ்பீக்கர்களை இறக்க இன்னொரு சுவர் எழுப்ப மேசன் எட்வேட் வந்தார்.

"என்னடாப்பா, சுவருக்குக் கண் வைக்கிறியோ?"

"கண்ணில்லை அண்ணை, வாய்."

"ஒரு வாயோட உன்ர மனுசி படுத்துற பாடு காணாதெண்டோ ரெண்டு வாய்?"

மனைவி கிருஷிகா குசினிக்குள் இருந்தே குரல் கொடுத்தார். "எட்வேட் அண்ணைக்கு இண்டைக்குத் தேத்தண்ணி இல்லை!"

பின்னால் நிற்கும் கடல்பக்கச் சுவரில் ஓட்டை விடுவதா என்று எட்வேட் கேட்டபோது மில்ரன் யோசிக்கவே இல்லை. "கொழும்புக் காத்தும் எங்கட காத்தும் ஒண்டே? என்ர ரெண்டு அம்பிளிபயரை உப்புத் திண்டது காணும். இடுக்கில்லாமல் அடையுங்கோ." எட்வேட் அடைத்தார். ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் மிஞ்சியது. சுற்றிவர ரப்பர் வைத்து, அதற்கு மேலும் சீமெந்து பூசப்பட்டது.

முதல் பாட்டைப் போட்டபோது அடிக்குரல் நெஞ்சில் வந்து இடித்தது. பார்க்க வந்தவர்கள் ஆச்சரியத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதைப் பழுது என்று யாரும் நினைக்கவில்லை. சுவருக்குள் வைத்ததன் மகிமை என்றே மில்ரனும் நம்பினார்.

மார்கழியில் அவருடைய அக்கா அருளம்மாவின் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது.

அருளம்மா கருவாடு போடுகிறவர். கலியாணம் செய்யவில்லை. தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்தவர் அவர்தான். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசுகால வெள்ளிகளில் எங்கள் கோயிலில் பசாம் படிப்பவரும் அவர்தான். ஆண்டவர் பட்ட பாடுகளை அவர் ஒரு வரி ராகத்தோடு படிப்பார், பெண்கள் எல்லாரும் பதில் பாடுவார்கள். வரி முடியும் இடத்தில் அவருடைய குரல் கீழே இறங்கி, வாய் மூடி, நெஞ்சுக்குள் ஒரு முனகலாக நிற்கும். அந்த முனகலில்தான் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். யாரும் புத்தகம் பார்ப்பதில்லை. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்.

குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அன்று பஸ்ஸால் இறங்கிய அருளம்மா தன் வீட்டுக்குப் போகாமல் நேரே தம்பியிடம் வந்தார்.

"டேய், என்ர குரலைப் பிடிச்சு வை. தபசுக்கு வேணும்."

கட்டியால் குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. கதிரையில் உட்கார்ந்து, மைக்கை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு ஏன்ரா கறுப்புத் தொப்பி?"

"எச்சில் படாமல் இருக்க அக்கா."

"அப்ப எங்கட பாதருக்கும் ஒண்டு வாங்கிக் குடு."

பிறகு சிலுவை போட்டுவிட்டுத் தொடங்கினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"இடைவெளியை நான் பிறகு போடலாம். நீங்கள் தொடர்ந்து படியுங்கோ," என்றார் மில்ரன்.

"அவளவை பாடி முடிக்காமல் நான் எப்பிடி அடுத்த வரிக்குப் போறது?"

யாரும் இல்லாத அறையில், வராத பதிலுக்காக ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். நடுவில் ஒரு இடத்தில் இருமினார். அதோடு சேர்த்தே படித்து முடித்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து ஊருக்கு வந்தபோது அவர் மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை இருந்தது. அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணி. கதைக்க வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டினார்.

மில்ரன் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அக்காவின் குரலைச் செப்பம் செய்ய உட்கார்ந்தார். சுவரிலிருந்து அந்த முனகல் வரும்போதெல்லாம் அறை முழுக்கப் பொங்கியது. பதிவில் அதைக் கொஞ்சம் குறைத்தார். பிறகும் பொங்கியது. இன்னும் குறைத்தார். கடைசியில் சுவரில் அது அளவாக வந்து நின்றது. இருமலையும் வெட்டி எடுத்தார்.

கிருஷிகா அதைப் போனில் கேட்டுப் பார்த்தார். "மச்சாளின்ர குரல் மாதிரி இல்லையே. தகரத்தைத் தட்டினது மாதிரிக் கிடக்கு."

"போனில கேட்டால் அப்பிடித்தான். சுவரில வந்து கேள்."

தபசின் முதல் வெள்ளி. கோயிலில் ஒலிபெருக்கியில் அருளம்மாவின் குரல் எழுந்தது. கரகரப்பு இருந்தது, ராகம் இருந்தது. வரி முடிந்தது. பெண்கள் காத்திருந்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டு பேர் பதிலைத் தொடங்க, வலப்பக்கம் பிந்திப் பிடித்தது. பதில் முடியுமுன் அடுத்த வரி வந்து மேலே ஏறியது. அதற்கடுத்த வரியில் இரண்டு பக்கமும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, கடைசியில் யாருமே பாடவில்லை. அருளம்மா காத்திருந்த அந்த இடைவெளி வெறுமையாகவே கழிந்தது. வெளியே காகம் கத்தியது கேட்டது.

மில்ரன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, இல்லை என்று தலையாட்டினார். மில்ரனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"அது நான் இல்லை."

இன்னொரு முறை அதிர்ந்தது.

"நெஞ்சை எங்கையடா விட்டனி?"

அடுத்த நாள் காலை, கை வைக்காத முதல் பதிவை ஹெட்போனில் கேட்டார். முனகல் அங்கேயே இருந்தது, முழுசாக. அப்படியென்றால் மைக் ஏமாற்றவில்லை. அதையே சுவரில் போட்டார்; அறை பொங்கியது. ஸ்பீக்கரின் முகத்தில் கையை வைத்தார். காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுட்டது. ரப்பரைக் கிழித்து ஒன்றை வெளியே இழுத்து, கதிரையில் வைத்து, அதே பதிவைப் போட்டார். பொங்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. முதுகால் விட்ட மூச்சு போக வழியில்லாமல் நாலு விரல் இடத்துக்குள் முட்டி, அடிக்குரலை ஊதிப் பெருப்பித்திருக்கிறது. இல்லாததை இருக்கிறது என்று சுவர் சொன்னது. அதை நம்பி, இருந்ததை அவர் வெட்டிக் குறைத்துவிட்டார். அக்காவின் குரலில் இனி யாராலும் திரும்பச் செய்ய முடியாத அந்த இடத்தை.

"வெளிய வச்சே வேலையை முடிக்கலாம்தானே?" என்றார் கிருஷிகா.

"வெளிய வச்சால் இந்த அறை வேற ஒரு பொய் சொல்லும். சுவர் சரி. மூச்சை அடைச்சதுதான் பிழை. கடல்பக்கம் உடைக்க வேணும்."

"உப்பு?"

மில்ரன் கதிரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். அந்த ஸ்பீக்கர்களுக்காக அவர் என்னென்ன வேண்டாமென்று விட்டார் என்பது கிருஷிகாவுக்குத் தெரியும்.

"திண்டால் திங்கட்டும்," என்றார்.

எட்வேட் சுத்தியலோடு வந்து சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். "எத்தினையோ பேர் கட்டினதை உடைக்கச் சொல்லியிருக்கினம். கடலைப் பாத்து உடைக்கச் சொன்ன ஆள் நீ ஒருத்தன்தான்." இந்த முறை வேறு பகிடி ஒன்றும் விடவில்லை. முதல் கல் விழுந்ததும் அறைக்குள் வெளிச்சமும் கடற்பாசி மணமும் சேர்ந்து வந்தன.

பின்வெளியை அகலமாக்கி, பக்கங்களில் தென்னந்தும்பு அடைத்து, ஓட்டைகளுக்குக் கம்பிவலை அடித்தார்கள். சுவருக்குள் இருந்தால் அடிக்குரல் எப்படியும் கொஞ்சம் கூடும் என்பதால் ஸ்பீக்கரின் முதுகில் இருந்த திருகையும் மில்ரன் குறைத்து வைத்தார். பிறகு முதல் பதிவிலிருந்து திரும்பத் தொடங்கினார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் போனிலும், கிருஷிகாவின் பழைய ரேடியோவிலும், வாடகைக் குழாயிலும் போட்டுக் கேட்டார்.

அருளம்மா வந்தார். முதலில் வெளியே போய் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, போனை நீட்டினார்.

"உன்ர சுவருக்கும் என்னைப் போலக் கழுத்தில ஓட்டை."

மில்ரனால் சிரிக்க முடியவில்லை. பதிவைப் போட்டார். முதல் வரி இறங்கி, முனகலாகி நின்றது. அருளம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது. அங்கேயே இருந்தது. கடைசி வரி முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பிறகு எழுதினார்:

"இப்ப சரி. என்ர இருமல் எங்கை?"

"எடுத்திட்டன் அக்கா."

"போடு. அதுவும் நான்தான்."

பெரிய வெள்ளியன்று மத்தியானம் கோயில் நிறைந்து, வாசலுக்கு வெளியே மணலிலும் சனம் நின்றது. முதல் வரி முடிந்தது. முனகல் தாழ்ந்து, கோயிலின் தரைக்குள் இறங்கியது. ஒரு கணமும் தவறாமல் அத்தனை பெண்களும் பிடித்தார்கள். அந்த ஒடுக்கமான அறையில் வெறும் சுவரைப் பார்த்து அருளம்மா காத்திருந்த இடைவெளி இப்போது விளிம்புவரை நிறைந்தது. இருமல் வந்த இடத்தில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.

அருளம்மா பெண்கள் பக்கத்தில், மற்றவர்களோடு முழங்காலில் இருந்தார். ஒவ்வொரு முறை பதில் வந்தபோதும் அவருடைய உதடுகளும் அசைந்தன. இத்தனை வருடமும் படித்தவர், முதல்முறையாகப் பதில் பாடுகிறவர்களோடு இருந்தார்.

இப்போது சோளகம் வீசுகிறது. மற்ற வீடுகளில் எல்லாம் அடைத்தாகிவிட்டது. காலையில் கம்பிவலையில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அருளம்மா கருவாட்டுப் பந்தலுக்குப் போகிற வழியில், ஒரு வாளி நல்ல தண்ணியும் பழந்துணியும் கொண்டுவந்து, இரண்டு ஓட்டைகளையும் துடைத்துவிட்டுப் போகிறார். மில்ரன் எத்தனையோ முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கேட்பதில்லை.