தேர் நின்ற இடத்தில் ஆடிய கை

கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்குப் படிப்பில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன், புளத்கொகுபிட்டிய கடைவீதியில் சொந்தமாகப் பலசரக்குக் கடை போட்டேன். என் தராசு முள் பொய் சொல்லாது என்று சிங்கள ஆட்களும் என்னிடம்தான் வருவார்கள். இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வலது பெருவிரல் தானாக ஆடத் தொடங்கியது. பார்கின்சன் என்கிற நரம்பு வருத்தம் என்றார் டாக்டர். குணமாகாதாம், மெல்லமெல்லக் கூடுமாம், மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்குமாம். மனைவிக்கு மட்டும் சொன்னேன். கை நடுங்குகிறவன் நிறுக்கும் பருப்பை யார் நம்புவார்கள்? தட்டில் பொருளை வைத்ததும் கையை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொள்வேன். மறைத்து மறைத்தே உடம்பு ஓய்ந்துபோகும்.

அடுத்த வருடம் தோட்டத்து மாரியம்மன் தேர் கடைவீதிக்கு வந்தது. முதல் பூசைத் தட்டு எப்போதும் என்னுடையதுதான். நீட்டினேன். தேங்காய் தட்டில் கடகடவென்று உருண்டது. தப்பு அடிப்பவர்கள் என் பக்கம் திரும்பி வேகத்தைக் கூட்டினார்கள். பதற்றத்தில் கை தோள்வரை ஆடியது.

"ஆத்தா வந்துட்டா! மொதலாளி மேல ஆத்தா வந்துட்டா!"

ஒரே குலவை. தலையில் மஞ்சள் தண்ணீர், வாயில் வேப்பிலை. பால் வெட்டும் பெண்ணொருத்தி காலில் விழுந்தாள்.

"தாயே, கொழும்புக்கு வேலைக்குப் போன எம் மகன்கிட்டயிருந்து ஒரு சேதியும் இல்ல. உசுரோட இருக்கானா, சொல்லு தாயே!"

இருக்கிறான் என்று நான் சொன்னால் போதும். இனி எவ்வளவு நடுங்கினாலும் அது சாமி நடுக்கம், கடை தப்பிவிடும். அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல முடியவில்லை.

"சாமி இல்லம்மா. வருத்தம்."

அந்த வருத்தத்தில் குரலும் அதற்குள் சுருங்கிப்போயிருந்தது. அவளைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. மனைவிதான் கத்தினாள்: "அவருக்கு நரம்பு வருத்தம்! மேளத்த நிறுத்துங்கப்பா!"

"அதானே, ஆத்தா வந்தா இப்புடியா முழிப்பா?" என்று ஒருவன் சிரித்தான். தேர் நகர்ந்தது.

மறுநாள் கடைக்கு ஆள் இல்லை. மாலையில் அதே பெண் வந்து பருப்புக் கேட்டாள். அள்ளினேன், பாதி மேசையில் சிதறியது.

"நீங்க உக்காருங்க மொதலாளி. நானே நிறுத்துக்கிறேன்."

"மகன்?"

"ஒண்ணும் தெரியலீங்க."

முள்ளைப் பார்த்து நிதானமாக நிறுத்துக்கொண்டாள். ஆட்கள் மெல்லத் திரும்பி வந்தபோது அதுவே கடை வழக்கமானது. வருகிறவர்களே நிறுத்து எடுத்துக்கொள்ளும் கடை இந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது?

இப்போது காலும் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, அவர்கள் நிறுக்கும்போது முள் நேரே நிற்கும்வரை பார்க்கிறேன். பிறகு, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று கண்ணை மூடிக்கொள்கிறேன்.