தார்ப்பாய் இல்லாத கூடாரம்

லேவியராகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது. ஏழாம் மாதத்தில், விளைச்சலைச் சேர்த்து முடித்த பிறகு, ஏழு நாள் கூடாரங்களில் குடியிருக்க வேண்டும். யார் குடியிருக்க வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது: இஸ்ரவேலில் பிறந்தவர்கள். நான் பிறந்தது துடியலூரில். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். எந்த விதியை எடுத்தாலும், இது யாருக்குப் பொருந்தும் என்று முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம். பொருந்தாது என்று தெரிந்தால் கோப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். கூடாரப் பண்டிகையையும் நான் அப்படித்தான் பல வருடம் மூடி வைத்திருந்தேன்.

அன்பான விசுவாசிகளே, அந்தக் கோப்பைக் கர்த்தர் எப்படித் திறந்தார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலயத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் மனைவி ரூபி, சேலை மடிப்பைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "என்ன ரூபி?" என்றேன். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த மடிப்பு நழுவியது.

பக்கவாதம். மருத்துவர்கள் விரைவாகச் செயல்பட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். சில வாரங்களில் கைத்தடி பிடித்து நடக்கவும் தொடங்கினாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. "அம்மாவுக்கு எல்லாம் புரியும். சொல்ல வேண்டியதும் மனசில் இருக்கும். அது வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது" என்றார் மருத்துவர். எப்போது திறக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நான் அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில் அது. எதிர்ப்பக்கம் நின்று கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ரூபியைத் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் வண்டிக்காரர் எங்கள் வீட்டு முன்னால் மட்டும் விலையை மெதுவாகச் சொல்வார். ரூபியின் காதில் விழுந்தால் பீன்ஸிலிருந்து அரசாங்கம் வரைக்கும் விசாரணை நடக்கும். "ஏனுங்க" என்று அவள் என்னைக் கூப்பிடாமல் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் போனதில்லை. அந்த வீடு சத்தமில்லாமல் ஆனது. பெருந்துறையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் எங்கள் மகள் கூட ஹாலில் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள், இழவு வீட்டில் பேசுகிற மாதிரி.

ஆகஸ்டில் ஒருநாள் ஆலயத்துக்கு அழைத்துப் போனேன். பெண்கள் அன்போடு சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பெயரைச் சொல்ல ரூபி வாயெடுத்தாள். ஏதோ ஓர் ஒலி வந்தது. ஒரு சின்னப் பிள்ளை சிரித்துவிட்டது. பிள்ளைமேல் தப்பில்லை. ஆனால் அடுத்த வாரம் ரூபி படுக்கையை விட்டு எழ மறுத்தாள். அதன் பிறகு பேசும் முயற்சியையே விட்டுவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் நிவேதா என்ற பெண், "அம்மா முயற்சியே பண்ணலைன்னா இருக்கற வழியும் மூடிக்குமுங்க சார்" என்று சொல்லிவிட்டாள். 

நான் ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் செய்தது விண்ணப்பம் போடுவது. பொருள், பார்வை, வரிசையாகக் காரணங்கள், கடைசியில் ஆவன செய்யக் கோருதல். பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம். அதற்கும் வராவிட்டால் இன்னொன்று. ஒருநாள் ஜெபத்தை முடித்து எழுந்தபோது, மேலதிகாரிக்கு மேலே வேறு அதிகாரி இல்லையே என்ற கோபம்தான் மனதில் இருந்தது.

அந்த செப்டம்பரில் எங்கள் போதகர் புதன்கிழமை வேதபாடத்துக்குக் கூடாரப் பண்டிகையை எடுத்துக்கொண்டார். வயதில் என் மகளைவிடச் சிறியவர். என்னை அண்ணா என்பார். யூத மக்கள் இன்றும் அந்த நாட்களில் இலை தழை வேய்ந்த குடிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கூரையின் இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் மரபு என்றார். விரும்பும் குடும்பங்கள் வீட்டில் ஒரு சிறு கூடாரம் போட்டு மாலையில் உட்கார்ந்து ஜெபிக்கலாம் என்றும் சொன்னார்.

நான் கையைத் தூக்கினேன். "பாஸ்டர், அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாதுங்களே. நாம புதிய உடன்படிக்கைக்காரங்க."

"பொருந்தாதுங்ணா. அபராதமும் கிடையாது, நோட்டீசும் வராது, பயப்படாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்று யோவான் எழுதும் இடத்தில், மூலமொழியில் உள்ள சொல்லுக்குக் கூடாரம் போட்டுத் தங்கினார் என்று பொருளாம். "அவர் நமக்கு நல்ல வீடு கட்டிக் கொடுத்துட்டு, வெளியே நின்னு பார்க்கலைங்ணா. நம்ம ஒழுகற கூடாரத்துக்குள்ளயே வந்து உட்கார்ந்துட்டார். அதை நினைச்சுப் பார்க்கத்தான் கொஞ்சம் வெளியே வந்து உட்காரச் சொல்றேன்."

ரூபியை அந்தச் சுவரிடமிருந்து பிரிக்க வேறு வழி தெரியாததால் சம்மதித்தேன். விசுவாசத்தால் என்று எழுத ஆசைதான், உண்மை அதுவல்ல.

பந்தல் போடும் மாரப்பனை வரவழைத்தேன். கூடாரத்தின் நீள அகலம், கம்பங்களின் இடைவெளி, காற்றுத் திசை எல்லாவற்றையும் விளக்கினேன். மூங்கில் ஊன்றும் குழியின் ஆழத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், கொட்டாயி போடறதுங்களா, இல்ல மேல மாடி எழுப்பற யோசனை இருக்குதுங்களா?" என்றார்.

ஓலைக்கு மேலே தார்ப்பாய் விரிக்கச் சொன்னேன். ஐப்பசி மழை நேரம். உடம்பு சரியில்லாதவள் நனையக் கூடாது. கூரை என்றால் ஒழுகக் கூடாது என்பது என் ரத்தத்தில் ஊறியது. நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

பண்டிகை தொடங்கிய மாலை ரூபியை நாற்காலியில் உட்கார வைத்தேன். மறுக்கவில்லை. அதுவே பெரிது. ஆனால் அவள் பார்வை தரையிலேயே இருந்தது. நிவேதாவும் அங்கேயே பயிற்சியைத் தொடங்கினாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாகக் கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவள் முறை.

"காபி வேணுமா, டீ வேணுமா?" என்று கேட்டேன். "அவளுக்கு எப்பவும் காபிதான்" என்று நானே முடித்தேன்.

நிவேதா என்னைப் பார்த்தாள். "சார், உங்களை யாருங்க கேட்டாங்க? கேள்வியும் நீங்க, பதிலும் நீங்களா? அம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள ஆர்டர் போட்டுடறீங்க."

ரூபி நிமிர்ந்து நிவேதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த திருப்தியை நான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் போதகர் வந்தார். மதியம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. எங்களோடு உட்கார்ந்து, கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். கர்த்தாவே, உமது ஆசீர்வாத மழையை இந்தக் குடும்பத்தின்மேல் ஊற்றும் என்று அவர் கேட்ட நேரத்தில், தொட்டிபோல் நீர் தேங்கியிருந்த தார்ப்பாயின் ஒரு முனை கயிற்றை அறுத்துக்கொண்டது. மொத்தத் தண்ணீரும் சரியாக அவர் தலையில் இறங்கியது. என் வடிவமைப்பில் தண்ணீர் வடிய வழி வைக்கவில்லை. மற்றவர்கள் வரைபடத்தில் அதைத்தான் முதலில் தேடுவேன்.

போதகர் கண் திறந்து, "ஆமென்" என்றார்.

ரூபி சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணியபடியே, தோள் குலுங்க, சத்தம் போட்டுச் சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் உயிருள்ள சத்தம் அது. துண்டு எடுத்துவர எழுந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். போதகர் ஈரத்தோடு அழுதார். நானும் அழுதேன்.

தார்ப்பாயை அன்றே கழற்றிவிட்டேன். அதற்கப்புறம் ஓலை மட்டும்தான். அதன் இடைவெளியில் துண்டு துண்டாக வானம் தெரிந்தது. ரூபி தரையைப் பார்ப்பதை விட்டு மேலே பார்க்கத் தொடங்கினாள். நானும் விண்ணப்பம் போடுவதை நிறுத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நாங்க இங்க இருக்கோம். நீங்களும் வந்து உட்காருங்க" என்று மட்டும் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. வந்து உட்கார்ந்தார் என்றே சாட்சியாகச் சொல்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் விளக்க ஆவணம் இல்லை. பயம் போயிற்று. அவள் பேசாமலே போனாலும் அவர் எங்களோடு இருப்பார் என்று மனம் அடங்கியது. அதற்கு முன் அப்படி அடங்கியதில்லை.

உங்களில் சிலர் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம், அல்லது அப்படிப் படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் விழித்திருக்கலாம். உங்களையும் கூடாரம் போடச் சொல்ல மாட்டேன். அது நமக்குக் கட்டளையும் இல்லை. ஒழுகாத கூரையைக் கட்டி முடித்த பிறகுதான் கர்த்தரை உள்ளே அழைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒழுகும்போதே அழையுங்கள். அழைத்துவிட்டு, அவருடைய பதிலையும் நீங்களே சொல்லி முடிக்காமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். இன்றைக்கு எங்கள் வீட்டில் ஜெபம் சிறியது, மௌனம் பெரியது. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ரூபியைக் கேளுங்கள், அவள் விரிவாகச் சொல்வாள்.

பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று சத்தமாய் அழைத்தார். அந்தக் கடைசி நாள் மாலை அதை ரூபிக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். தூறல் தொடங்கியது. ஓலை வழியாக முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது, அடுத்தது கன்னத்தில். எழுந்து அவள் கைத்தடியை எடுத்தேன்.

"உள்ள போயிடலாமா ரூபி, இல்ல இங்கயே இருக்கலாமா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூறல் கொஞ்சம் வலுத்தது. வேதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ரூபியின் உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. இடது கையால் நாற்காலியின் பிடியை இறுக்கினாள்.

"இங்க..." என்றாள். மூச்சு வாங்கினாள். "இங்கயேங்க."

அன்று அக்டோபர் 23, புதன்கிழமை.